ஒரே வார்ப்பில் அடங்காத இசையும் நம் கட்டுரை வகுப்பும்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 2010-இல் தோன்றிய ராக் இசைக்குழு ‘கிங் கிஸர்ட் அண்ட் த லிஸர்ட் விஸர்ட்’. பெயரே விளையாட்டாக இருக்கிறதல்லவா? அவர்தம் உழைப்போ விளையாட்டன்று. 2017-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இசைத்தொகுப்புகளை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றை இலவசமாகவே வழங்கி, விரும்பியோர் இசைத்தட்டாகப் பதித்துக்கொள்ளவும் இசைந்தனர்.

ஜாஸ், நாட்டுப்புற இசை, திராஷ் மெட்டல், மின்னணு இசை என அவர்கள் தொடாத வகை குறைவு. ‘எல்லாவற்றையும் தொட்டால் எதிலும் தேர்ச்சி வராது’ என்று பெற்றோர் சிலர் கூறுவதுண்டு. அக்கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. இக்குழுவினர் மனம்போன போக்கில் தாவவில்லை. தமக்குத் தாமே கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டனர். 2016-இல் வந்த ‘நானகன் இன்ஃபினிட்டி’யில் ஒன்பது பாடல்களும் இடைவெளியின்றித் தொடர்ந்து, இறுதிப் பாடல் முதற்பாடலிலேயே சென்று சேரும். மறு ஆண்டில், வழக்கமான சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்சுரங்களை இசைக்கவென்றே கிட்டார்களை மாற்றியமைத்தனர்.

நம் வகுப்புகள் பலவற்றில் நடப்பதென்ன? மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து, தேர்வில் அப்படியே இறக்கிவைப்பது. புள்ளிகள் கிடைக்கின்றன; மாணவனின் சொந்தக் குரல் கிடைப்பதில்லை.

ஆசிரிய நண்பர்களே, மாதிரியை எடுத்து வைத்துவிட்டு, வாரம் ஒரு நிபந்தனையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் முழுக்க உரையாடல், மறுவாரம் கடிதம், அடுத்து, பத்தே வாக்கியங்களில் ஒரு கதை. சில சுமாராகத்தான் அமையும், அமையட்டும். எழுத எழுதத்தான் கை பழகும்.

பெற்றோரே, பிள்ளையின் கட்டுரையில் பிழைகளை எண்ணுமுன், அதில் அவனே எழுதிய வரி எது என்று தேடுங்கள்.