அப்பா-அம்மாவுக்கு ரெண்டு நாள் லீவு!

இந்த வாரம் ஒரு குட்டி வைவா. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். உங்க அப்பாவும் அம்மாவும், கூட நீங்க இல்லாம, கல்யாணம், காதுகுத்துனு எந்தக் காரணமும் இல்லாம, ரெண்டு பேர் மட்டும் கடைசியா எப்போ ஊர் சுத்தப் போனாங்க?

என்ன, சைலன்ட் ஆகிட்டீங்க? பெரும்பாலான வீட்டுல இதுக்கு பதில் கிடையாது பாஸ்!

நாம எல்.கே.ஜி. சேர்ந்த நாள்லேருந்து அவங்க டைம்டேபிளை நாமதான் போடுறோம். ப்ளஸ் டூ வந்தா டி.வி. கட். கவுன்சலிங் வந்தா அப்பா லீவு கட். செமஸ்டர் ஃபீஸ் வந்தா அம்மாவோட பட்டுப்புடவை கட். இன்னும் கொஞ்ச நாள்ல வேலை கிடைச்சு நாம பெங்களூரு பஸ் ஏறிடுவோம். அப்புறம் வீட்டுல ரெண்டே பேர். 'கரண்ட் பில் கட்டியாச்சா'வைத் தாண்டி அவங்க பேசிக்க விஷயம் வேணாமா? மெஷினை ஓடவிடுறதுக்கு முன்னாடி ட்ரையல் ரன் பார்ப்போமே, அப்படி ஒண்ணு இப்பவே பார்த்துடுங்க. அதுக்கு என் சாய்ஸ், மதுரை. (மதுரைக்காரங்க கோச்சுக்காதீங்க, நீங்க தஞ்சாவூருக்கு அனுப்புங்க!)

சென்னைவாசிகளுக்கு பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருக்கு. ராத்திரி ஏறினா விடிகாலையில மதுரை. ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடியே திறந்துடும், அன்னிக்கே போட்டுடுங்க. டிக்கெட் கையில வந்துட்டா அப்பாவால 'அடுத்த வருஷம் பார்க்கலாம்'னு சொல்ல முடியாது.

முதல் நாள் காலையில இட்லி, நாலு வகைச் சட்னி. அப்படியே நடந்தா மீனாட்சி அம்மன் கோயில். செல்போனை உள்ளே விட மாட்டாங்க. அதான் இந்த ட்ரிப்போட பெரிய ப்ளஸ்ஸே! பொற்றாமரைக் குளத்துப் படியில ரெண்டு பேரும் சும்மா உட்காரலாம். ஆயிரங்கால் மண்டபத்துல 985 தூண்தான் இருக்குனு அப்பாகிட்ட சொல்லி அனுப்புங்க, எண்ணிட்டே வருவார். மதியம் நடை சாத்தின பிறகு திருமலை நாயக்கர் மகால். 1636-ல கட்டினது. அந்தத் தூணைக் கட்டிப்பிடிக்க ஒரு ஆள் பத்தாது, ரெண்டு பேர் வேணும். (நான் எதுவும் சொல்லலை!)

சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்க்ரீம். சுகர் இருந்தா ஒரு கிளாஸ், ரெண்டு ஸ்பூன். அசைவக் குடும்பம்னா ராத்திரிக்குக் கறி தோசை. கீழே தோசை, நடுவுல முட்டை, மேலே மட்டன் கைமானு அடுக்கடுக்கா வரும். சைவம்னா சுக்கு தட்டிப் போட்ட பருத்திப்பால் இருக்கவே இருக்கு.

ரெண்டாவது நாள் தமுக்கம் பக்கத்துல காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனையா இருந்த கட்டடம், 1959-லேருந்து மியூசியம். 1921-ல இதே மதுரையிலதான் காந்தி அரை வேட்டிக்கு மாறினார். ரத்தக்கறை படிஞ்ச அவரோட துணியும் இங்கேதான் இருக்கு. வெயில் தாழ வண்டியூர் தெப்பக்குளம், கிளம்புறப்ப அம்மாவுக்கு ஒரு சுங்குடிப் புடவை.

நானும் அக்காவும் சேர்த்துவெச்ச காசுல எங்க வீட்டு ஜோடியை இப்படித்தான் அனுப்பினோம். 'வெட்டிச் செலவு'னு அப்பா ஆரம்பிச்சார். 'பால் யார் வாங்குறது?'னு அம்மா. திரும்பி வந்ததும் அம்மா சொன்ன முதல் நியூஸ் கோபுரம் பத்தி இல்லை. 'கேக்காமலே மல்லிப்பூ வாங்கிக் குடுத்தார்டி'னு அக்காகிட்ட சொன்னாங்க. அப்பா அந்த நேரம் பேப்பரைத் தலைகீழா படிச்சிட்டிருந்தார்!

கண்டிஷன்ஸ் மூணு. ஒண்ணு, நீங்க கூடப் போகக் கூடாது. ரெண்டு, 'சாவி எங்கே, சாம்பார்பொடி எங்கே'னு போன் போடக் கூடாது. மூணு, அவங்க வர்றப்ப சிங்க்ல ஒரு பாத்திரம்கூட இருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். மீனாட்சி கோயில்ல தினமும் ராத்திரி பள்ளியறை பூஜை உண்டு. சொக்கநாதர் பல்லக்குல கிளம்பி மீனாட்சி சந்நிதிக்கு வருவார். உலகத்தையே நிர்வாகம் பண்றவங்களுக்கே நாள் முடிஞ்சா ஒருத்தருக்கொருத்தர்னு கொஞ்ச நேரம் இருக்கு. நம்ம வீட்டு சாமிங்களுக்கு வருஷத்துல ரெண்டே ரெண்டு நாள்... தரக் கூடாதா?

ராத்திரி சாப்பாட்டு நேரத்துல மெதுவா பேச்சை ஆரம்பிங்க. யார் முதல்ல 'வேணாம்'னு சொல்றாங்களோ, அவங்களுக்குத்தான் ஆசை அதிகம்!