நித்திரையும் மூளை நலமும்: சர்வகலாசாலைகள் கூடிச் செய்ய வேண்டிய பணி குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஆசிரியர்களும் மருத்துவர்களும் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்தினரும் அங்கத்தினராக உள்ள எங்கள் சங்கம், நித்திரையைப் பற்றியும் அதனால் மூளை அடையும் நலத்தைப் பற்றியும் நம் மாநிலத்துச் சர்வகலாசாலைகள் இனி ஒருமித்து ஆராய வேண்டும் என்றும், அந்த ஆராய்ச்சியும் போதனையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் நடக்க வேண்டும் என்றும், பல அமர்வுகளில் தீர விவாதித்து ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது. அம்முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்த காரணங்களைப் பொதுமக்கள் முன் வைப்பது எங்கள் கடமை.

பிற தேசத்தாரைப் பார்த்து உண்டான ஆசை இது என்று யாரும் கருத வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய எம். கே. சந்திரசேகரன், ஜெர்மனியிலுள்ள ட்யூபிங்கன் சர்வகலாசாலையில் எர்வின் ப்யூனிங் என்னும் பேரறிஞரோடு பணியாற்றி, ஜீவராசிகளின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றிய வித்தையை நம் மண்ணுக்குக் கொண்டுவந்தவர். மதுரைக்கு அருகே குகைகளில் வாழும் வௌவால்களை அவரும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட முடிவை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு வியப்பு மேலிடுகிறது. பகல் எது, இரவு எது என்று அறிய முடியாத இருட்டுக்குள் கூண்டில் வைக்கப்பட்ட வௌவால், தன் இனத்தின் நடுவே இருந்தவரையில், மற்றவை மாலையில் இரை தேடிப் பறந்து போவதையும் விடியுமுன் திரும்புவதையும் உணர்ந்து இருபத்துநான்கு மணி நேர ஒழுங்கைத் தவறாமல் காத்துக்கொண்டது. துணை ஏதுமில்லாத குகையில் தனித்து வைக்கப்பட்டதோ, தன் உட்கடிகாரத்தின் போக்கிலேயே சென்று நாளுக்கு நாள் சிறிது சிறிதாக விலகிப் போயிற்று. கடிகாரமும் சூரிய வெளிச்சமும் எட்டாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்து அவர்களுடைய துயிலையும் விழிப்பையும் ஆராயும் வசதியும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்படுத்தப்பட்டது. இரு தேசத்துச் சர்வகலாசாலைகளின் உறவில் முளைத்த இந்தப் பயிர் நம்மிடையே காடாக வளர்ந்திருக்க வேண்டாமா என்பதே எங்கள் ஆதங்கம்.

கூடிச் செய்ய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு முதற்காரணம், இந்த விஷயத்தில் ஒரே ஆய்வுக்கூடத்தின் சொல்லை நம்பி நிற்க முடியாது என்பதே. 1953-ல் சிகாகோ சர்வகலாசாலையில் யூஜின் அசெரின்ஸ்கி என்னும் மாணவர், தம் எட்டு வயது மகனையே படுக்கவைத்து, அவன் உறங்கும்போது மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசைவதைக் கருவியில் பதிவு செய்து, ஆசிரியர் நதானியேல் கிளைட்மனோடு சேர்ந்து உலகுக்கு அறிவித்தார். பிரான்ஸில் லியோன் நகரத்து மிஷல் ஜூவே பூனைகளை வைத்து ஆராய்ந்து, அந்த நிலையில் மூளை விழித்திருப்பதுபோல் இயங்க, உடம்பின் தசைகளோ முற்றும் தளர்ந்துவிடுகின்றன என்று 1959-ல் நிலைநாட்டிய பின்னரே அதன் முழு உருவமும் தெரிந்தது. நம் காலத்திலும் அப்படியே. எலி தூங்கும்போது மூளை அணுக்களுக்கு இடையேயுள்ள வெளி ஏறக்குறைய 60 சதவீதம் விரிந்து கழிவுகள் விரைவாகக் கழுவப்படுகின்றன என்று அமெரிக்காவின் ராச்செஸ்டர் சர்வகலாசாலையார் 2013-ல் சொன்னார்கள். தூக்கத்தில் அந்தக் கழிவகற்றம் கூடுவதில்லை, குறைகிறது என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியார் 2024-ல் எதிர்வாதம் செய்திருக்கிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. இத்தகைய வழக்கில் சாட்சி சொல்லும் தகுதி நமக்கும் வர வேண்டுமானால், உடலியல், நரம்பியல், மனோதத்துவம், மின்னணுவியல் ஆகிய துறைகள் தத்தம் மதில்களைத் தாண்டி ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும்.

இரண்டாவது காரணம் காலம். ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் இரவில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய இரு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஏறக்குறைய 8,000 பேரை இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-ல் எடுத்துரைத்தார்கள். எந்தத் தனி மாணவனுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி இருபத்தைந்து ஆண்டுகள் நீடிக்கும்? மறதிநோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் என்று லான்ஸெட் மருத்துவ இதழின் குழுவினர் 2024-ல் வகுத்த பதினான்கில் தூக்கக்குறைவு இடம்பெறவில்லை என்பதையும் நேர்மையை முன்னிட்டு இங்கே குறிப்பிடுகிறோம். தூக்கம் கெட்டதனால் மூளை கெட்டதா, மூளையில் நோய் தொடங்கிவிட்டதனால் தூக்கம் கெட்டதா என்பது தெளிவாக வேண்டும். அதற்கு நீண்டகாலக் கூட்டுமுயற்சியைத் தவிர வேறு வழி இல்லை.

மூன்றாவது காரணத்தை எங்கள் அங்கத்தினர் வீடுகளிலேயே பார்க்கலாம். பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடித்துக் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண், அடுப்பை மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்து, பதினொரு மணிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே பாயை விரிக்கிறாள். கூரை காய்கிறது, தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும். அவள் உறங்குவது கோழித்தூக்கம். அடுத்த வாரம் பகல் ஷிப்டு. உடம்பு அதற்குப் பழகுவதற்குள் மறுபடியும் இரவு. இரவு நேர வேலை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007-லும் மீண்டும் 2019-லும் வகைப்படுத்தியிருக்கிறது. குளிர்தேசத்து மக்களின் தனியறைத் தூக்கத்தை அளந்து கண்ட கணக்குகள் இந்தப் பெண்ணுடைய மத்தியானத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அளந்து சொல்ல வேண்டியவர்கள் நம் சர்வகலாசாலையார்.

அளப்பதற்கும் ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிகளில் 'ஸ்லீப் ஸ்டடி' என்று வழங்கும் பரிசோதனைக்குச் செல்பவரைத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கம்பிகள் தோலில் ஒட்டா. இரவெல்லாம் பதிவான மின்னலைகளை மறுநாள் முப்பது முப்பது விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் துயிலின் எந்தப் படி என்று பயிற்சி பெற்ற கண் தீர்மானிக்க வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கத்தில் அத்தகைய துண்டுகள் 960. இந்தப் பொறுமையும் தேர்ச்சியும் உள்ளவர்களை உருவாக்காமல் கருவிகளை மட்டும் வாங்கி அடுக்குவதில் பிரயோஜனம் இல்லை.

போதனை விஷயத்தில் நிலைமை மேலும் வருத்தம் தருவது. தங்கள் மாணவப் பருவத்தில் தூக்கத்தைப் பற்றிக் கற்றது சில மணி நேரப் பாடமே என்று எங்கள் மருத்துவ அங்கத்தினர் பலர் சொல்கிறார்கள். பலத்த குறட்டையை நிம்மதியான உறக்கத்தின் அடையாளமாக நம் வீடுகளில் இன்றும் எண்ணுகிறார்கள். மூச்சு தடைப்பட்டுத் திணறுவதன் ஒலியாகவும் அது இருக்கலாம் என்பதையும், அதற்கு 1981-லேயே சிட்னி சர்வகலாசாலையின் காலின் சல்லிவன் காற்றழுத்தச் சிகிச்சை கண்டார் என்பதையும் சொல்வார் இல்லை. வகுப்பில் கண்ணயரும் பையனைத் தூங்குமூஞ்சி என்று ஏசுகிறோம். வாலிபப் பருவத்தில் உட்கடிகாரம் தானே பின்தள்ளிப் போகிறது என்பதை ஆசிரியர் பயிற்சியில் யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் 1997-ல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.15-லிருந்து 8.40-க்கு மாற்றியபோது, மினசோட்டா சர்வகலாசாலையார் உடனிருந்து அதன் விளைவை ஆராய்ந்தார்கள்; மாணவர் வருகை சீர்பட்டது, மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் தெரியவில்லை. இரண்டையும் மறைக்காமல் எழுதினார்கள். விடிவதற்குள் சிறப்பு வகுப்புக்குப் பிள்ளைகளை ஓட்டும் நம் ஊர்களில் அப்படியொரு பரிசோதனை நடக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

இந்தக் கூட்டுறவுக்கு நாங்கள் இரண்டு நிபந்தனைகள் கூறுகிறோம். தூக்கத்தை அளப்பதாகச் சொல்லிக் கைக்கடிகாரமும் மாத்திரையும் விற்கும் கம்பெனிகளின் பணம் இதில் வந்தால், முடிவுகளை வெளியிடும் உரிமை சர்வகலாசாலையிடமே இருக்க வேண்டும். தொழிலாளியின் தூக்கக் குறிப்பு அவருடைய சம்மதமின்றி ஆலை நிர்வாகத்தின் கைக்குப் போகக் கூடாது. போகுமானால் இந்தப் பணியை எதிர்ப்பவர்களில் முதல்வர்களாக நாங்களே இருப்போம்.

பொருளில்லை என்ற ஆட்சேபத்தை ஏற்பதற்கில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கூடம் அமைப்பதற்கு ஆகும் செலவைவிட, சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய மூன்று இடங்களில் பொதுக்கூடம் அமைத்து எல்லோரும் முறைவைத்துப் பயன்படுத்துவது சிக்கனமே ஆகும். ஆகவே, மாநிலத்துத் துணைவேந்தர்கள் வரும் கல்வியாண்டு தொடங்குமுன் ஒருமுறை கூடி, பொதுவான பாடத்திட்டத்துக்கும் பொதுக்கூடங்களுக்கும் ஒரு குழுவை நியமிக்க வேண்டும் என்றும், அக்குழுவில் இரவு ஷிப்டுத் தொழிலாளர் ஒருவருக்கும் இடம் தர வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.