வடம் பிடிப்பார் யார்?

வெளியூரில் நான்கு தமிழர் கூடினால் முதலாண்டில் ஒரு சங்கம் காண்பர். மறு ஆண்டில் அதை இரண்டாக்குவர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நாமும் கேட்டுச் சிரிக்கிறோம். சிரிக்கத்தக்க செய்திதானா அது?

மாற்றல் ஆணைகள் என்னை வடநாட்டு நகரங்கள் மூன்றில் குடியமர்த்தின. அவற்றுள் ஒன்றில் கண்டதைக் கூறுகிறேன். பொங்கல் விழா ஏற்பாட்டில் தலைவருக்கும் செயலாளருக்கும் பிணக்கு மூண்டது. சிறப்பு விருந்தினரை அழைக்கும் உரிமை யாருடையது என்பதே வழக்கு. முடிவில் ஒரே நாளில் இரு மண்டபங்களில் இரு பொங்கல் விழாக்கள் நடந்தன. இரண்டிலும் கூட்டம் பாதி, செலவு முழுமை. அதையேனும் பொறுக்கலாம். ஞாயிறுதோறும் நடந்த தமிழ் வகுப்பின் பாடநூல்கள் இருந்த அலமாரியின் சாவி ஒரு தரப்பாரிடம். வகுப்பறை மறு தரப்பாரிடம். ஓராண்டு வகுப்பே நடக்கவில்லை. அங்கே எழுதப் பழகிக்கொண்டிருந்த என் மகள் எழுத்தை மறந்தாள். இன்றும் தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள்.

குற்றம் யாருடையது? ஊரார் அவ்விருவரையே சுட்டினர். நான் உடன்படேன். குறைகூறிய நம்மையே கேட்கிறேன்: நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தை ஏந்திக் கடை கடையாக ஏறி இறங்கியவர் எத்தனை பேர்? கரும்புக்கும் வாழையிலைக்கும் அலைந்தவர் எத்தனை பேர்? விழா முடிந்த நள்ளிரவில் சமுக்காளம் மடித்து, நாற்காலி எண்ணி ஒப்படைத்தவர் எத்தனை பேர்? நாம் பந்திக்கு வந்தோம், சாம்பாரில் உப்புக் குறைவு என்றோம், வீடு திரும்பினோம். சுமந்தவரோ, சுமையைத் தம் சொத்தென்று எண்ணத் தலைப்பட்டார். உழைப்பு பகிரப்படாத இடத்தில் அதிகாரம் மட்டும் எவ்வாறு பகிரப்படும்?

அவ்வாறு தனித்து உழைப்போரையும் விடுவதற்கில்லை. "நான் இல்லாவிட்டால் சங்கமே இல்லை" என்று பேசத் தொடங்கும்போதே தொண்டு உடைமையாகிவிடுகிறது. வல்லமை மிக்க ஒருவர் இருந்தால் எல்லாம் நடக்கும் என்பர் சிலர். நடக்கும், அவருக்கு மாற்றல் வரும்வரை நடக்கும். பிறகு வங்கிக் கணக்கும் எவருக்கும் விளங்காது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய செய்தியும் எவருக்கும் தெரியாது.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளின் அக்கல்வெட்டுகள் கூறுவதென்ன? ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என வேலை பகுக்கப்பட்டது. பணிக்காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுகளில் வாரியப் பணி செய்தவர் பெயர் குடத்தில் இடப்படவில்லை. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் தகுதி இழந்தனர். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே உரிய சபை அது என்பதை மறைக்கவேண்டா. அக்குறையைத் தள்ளி, அந்த ஒழுங்கைக் கொள்வோம். 1860 ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டமும் சங்கம் காண எழுவரேனும் வேண்டும் என்கிறது. ஒருவர் போதும் என்று அது சொல்லவில்லை.

செய்ய வேண்டுவன அரியவை அல்ல. மேடை, உணவு, நிதி, விருந்தோம்பல் என வேலையைப் பகுத்து, ஒவ்வொன்றையும் இருவரிடம் எழுத்தில் ஒப்படைப்போம். காசோலையில் இருவர் கையொப்பம் இருக்கட்டும். அலுவலகத்தில் பொறுப்பை மாற்றும்போது பட்டியல் எழுதிக் கையொப்பமிடும் நாம், சங்கத்தில் மட்டும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவானேன்? விழாவுக்கு முதல்நாள் இரவெல்லாம் காய் நறுக்கும் பெண்டிர்க்கு ஆட்சிக்குழுவில் இடமில்லாமற் போவானேன்? பதவி விலகியவர் மறு ஆண்டு பந்தியில் பரிமாற நாணுவானேன்?

ஊர் கூடினால்தான் தேர் நகரும். தேர்மேல் நிற்பவர் யார் என்று வழக்காடுகிறோம். வடமோ தரையில் கிடக்கிறது. அடுத்த விழாவிலேனும், தலைவர் யார் என்று கேட்குமுன், எனக்குரிய வேலை யாது என்று ஒவ்வொருவரும் கேட்போமாக. கேட்பவர் பெருகினால், பூட்டிய அலமாரிகள் தாமே திறக்கும்.