வழிகாட்டிச் சின்னத்துக்கு ஊர் என்ன கேட்க வேண்டும்?

சாரணர் இயக்கத்தில் ‘பாத்ஃபைண்டர்’ (வழிகாட்டி) என்றொரு திறன் சின்னம் உண்டு. தன் ஊரை நன்கு அறிந்த பிள்ளைக்குக் கிடைப்பது அது. மருத்துவமனை, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், ரயில் நிலையம் எல்லாம் எங்கே இருக்கின்றன, எந்தச் சந்து எந்தத் தெருவில் போய் முடிகிறது, வழி கேட்கும் வெளியூர்க்காரருக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்பது தெரிந்திருக்க வேண்டும். வரைபடமும் போட்டுக் காட்ட வேண்டும். நூறாண்டுக்கு முன் இது அரிய திறமை. இன்று சென்னை மயிலாப்பூர் மாட வீதியில் நிற்கும் எவருடைய கைப்பேசியும் இந்த வேலையை நொடியில் முடித்துவிடும்.

அப்படியானால் இந்தச் சின்னத்தைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. அதைப் பெறுவதற்காகப் பிள்ளைகள் செய்யும் வேலையைத்தான் மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தைச் சாரண ஆசிரியர்களின் தலையில் மட்டும் கட்டிவிடாமல், பெற்றோரும் பள்ளிகளும் மாநகராட்சியும் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து சுமக்க வேண்டும்.

ஊருக்கேற்ப விதியைத் திருத்துவது சென்னைக்குப் புதிதல்ல. 1909இல் இந்தியாவுக்கு வந்த சாரணர் இயக்கத்தில் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கவில்லை. அடையாறு பிரம்மஞான சபையில் இருந்த அன்னி பெசன்ட், ஜி. எஸ். அருண்டேலுடன் சேர்ந்து, 1916இல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தொப்பியின் இடத்தில் தலைப்பாகை வந்தது. முகாமில் இந்தியப் பாடல்கள் ஒலித்தன. 1921இல் சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. கடைசியில் 1950 நவம்பர் 7இல் பாரத சாரணர் அமைப்பு உருவானது. அடையாறில் அன்று யாரும் துணியாதிருந்தால், இந்த மண்ணின் பிள்ளைகளுக்குச் சாரணர் சட்டை இன்னும் சில காலம் எட்டாமலே இருந்திருக்கும்.

முதலுதவிப் பாடமும் காலத்தோடு மாறி வந்ததுதான். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறி இரத்தத்தை வெளியேற்று, இறுக்கிக் கட்டு என்று ஒருகாலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கீறாதே, இறுகக் கட்டாதே, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போ என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. மூச்சு நின்றவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தும் பழைய முறை போய், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும் முறை வந்துவிட்டது. இந்த மாற்றங்களால் சாரணியத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. உயிரைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் அப்படியே இருக்க, அதற்கான வழி மட்டும் திருந்தியது. வழிகாட்டிச் சின்னத்துக்கும் அதே நியாயம்தான்.

கைப்பேசிக்குத் தெரியாதது என்ன? 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் புகுந்தபோது மின்சாரம் போனது. கைப்பேசிச் சேவையும் பல பகுதிகளில் முடங்கியது. 2021 நவம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் தியாகராய நகர்த் தெருக்கள் நீரில் மிதந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எந்தச் சுரங்கப்பாதை முதலில் நிரம்பும், எந்தத் தெருமுனை மேடு, எந்த வீட்டின் தரைத்தளத்தில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், எந்தப் பள்ளியின் மாடியில் நூறு பேரைத் தங்க வைக்கலாம்? இவற்றைத் திரையில் தேடிப் பயனில்லை. தெருவில் நடந்து, மனிதர்களிடம் கேட்டுத்தான் அறிய முடியும்.

தி. நகரின் கதையே இதற்குப் பாடம். அங்கே இருந்தது மாம்பலம் ஏரி. நெடிய ஏரி ஒன்றின் பகுதி அது. 1920களில் அதை வடித்து, மேடாக்கி, மனை போட்டு, சர் பிட்டி தியாகராயர் பெயரில் நகர் அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. பார்க்க ஏரி இல்லை. ஏரி எங்கே போனது என்று ஒரு சிறுமி கேட்கத் தொடங்கினால், தன் தெருவில் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்ற கேள்விக்கு அவளே விடை கண்டுபிடிப்பாள். மாம்பலம் கால்வாயின் கரையோரம் நடந்து, அது நந்தனம் வழியாக அடையாற்றில் சேரும் பாதையைக் குறித்துக்கொண்ட பிள்ளை, அதில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போடுமுன் யோசிக்கும்.

ஆகவே, இந்தச் சின்னத்துக்கு இனி நான்கு வேலைகளைக் கேட்கலாம். ஒன்று, தன் பகுதியின் தாழ்வான இடங்கள், மழைநீர் வடிகால்கள், மேடான பாதைகள், தங்குமிடங்கள் எல்லாம் அடங்கிய வரைபடத்தை அணியாகச் சேர்ந்து நடந்தே தயாரிப்பது. இரண்டு, அதே தெருவில் நெடுநாள் வசிக்கும் பெரியவர்களிடம் பழைய வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுக் குறிப்பது. மூன்று, மாநகராட்சியின் 1913, ஆம்புலன்சுக்கான 108, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1070 போன்ற எண்களை, கைப்பேசி பழகாத முதியவர்களும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி வீடுகளில் சேர்ப்பது. நான்கு, வரைபடத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாநகராட்சி வட்டத்தின் பொறுப்பாளர்களிடம் நேரில் ஒப்படைத்து விளக்குவது. முடிச்சுப் போடுவதும் திசைகாட்டி பார்ப்பதும் முகாமில் சமைப்பதும் அவற்றுக்குரிய இடத்தில் தொடரட்டும். வெள்ளத்தில் படகைக் கட்டி நிறுத்தக் கயிறும் முடிச்சும்தான் உதவுகின்றன.

இதற்கு எழும் தயக்கங்களை ஒதுக்கிவிட முடியாது. பழைய சோதனைகள்தாம் பிள்ளைகளை உருவாக்கின, அவற்றில் கைவைக்காதீர்கள் என்பார்கள் இயக்கத்தில் வளர்ந்த மூத்தவர்கள். அவர்கள் காக்க நினைப்பது, செய்து கற்பதும் சிறு அணியாக உழைப்பதும் நாளும் ஒரு நற்செயலும். புதிய வேலைகள் இந்த மூன்றையும் கூடுதலாகவே கேட்கின்றன. ஏற்கெனவே பாடச் சுமை, இதில் இன்னொன்றா என்பார்கள் பெற்றோர். எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதில்லை. பயனற்றுப்போன ஒன்றின் இடத்தில் பயனுள்ள ஒன்றை வைத்தால் போதும்.

பாதுகாப்பைப் பற்றிய கவலை எல்லாவற்றிலும் முக்கியமானது. வேலை முழுவதும் மழைக்கு முன், பகலில், பெரியவர் துணையோடு முடிந்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கிய தெருவில் எந்தச் சிறுவனும் இறங்கக் கூடாது. அங்கே மின்கம்பியும் திறந்த குழியும் காத்திருக்கும். தனியே வாழும் முதியோரின் விவரம் பிள்ளைகளின் கையேட்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ உலவக் கூடாது. அதைக் குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளரும் வட்ட அலுவலகமும் மட்டுமே வைத்திருக்க வேண்டும்.

ஒரு நோயைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆளுநர் விருதும் குடியரசுத் தலைவர் விருதும் பெருமைக்குரியவை. சாரணர்களுக்கு ரயில்வே வேலையில் தனி ஒதுக்கீடும் உண்டு. சான்றிதழுக்கு விலை ஏறும்போது, செயலைவிடப் பதிவேடு பெரிதாகும் ஆபத்தும் வருகிறது. அம்மா ஒட்டிய படங்கள், கடையில் அச்சடித்த அறிக்கை, ஒரு நாள் எடுத்த புகைப்படம் இவற்றைக் கொண்டு சின்னம் வாங்கும் பிள்ளைக்கு நாம் கற்றுக் கொடுப்பது பொய்யை. ஊராரிடம் ஒப்படைக்க வேண்டிய வரைபடத்தில் இந்தப் பொய் செல்லாது. அந்தத் தெருக்காரரே பார்த்துத் தவறைச் சொல்லிவிடுவார்.

இனி, யார் எதைச் செய்வது? 2025இன் தொடக்கத்தில் மணப்பாறையில் பாரத சாரணர் அமைப்பின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. தமிழ்நாட்டுச் சாரணர்களுக்குத் தலைமை அலுவலகமும் பயிற்சி மையமும் அமைக்க 10 கோடி ரூபாய் அங்கே அறிவிக்கப்பட்டது. கட்டடத்தோடு பாடத்திட்டமும் புதுப்பிக்கப்பட, இயக்கத்தின் மாநில நிர்வாகம் முன்மொழிவைத் தேசிய அமைப்புக்குக் கொண்டு செல்லலாம். அதுவரை காத்திராமல் மாவட்ட அளவில் சேவைத் திட்டமாகத் தொடங்கவும் தடையில்லை. பள்ளி நிர்வாகங்கள், வகுப்பெடுத்துக்கொண்டே சாரணர் படையையும் நடத்தும் சாரண ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளையாவது விட்டுத்தர வேண்டும். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டல அலுவலகங்கள், பருவமழைக்கு முன் ஒரு பொறியாளரைப் பிள்ளைகளோடு ஒரு காலைப்பொழுது நடக்க அனுப்பலாம். 2022 முதல் வட்டங்களில் கூடிவரும் பகுதி சபையில் சாரணர் வரைபடத்துக்குக் கால் மணி நேரம் ஒதுக்குவது வட்ட உறுப்பினருக்குப் பெரிய காரியமல்ல. குடியிருப்போர் சங்கத்தார் வாயிற்கதவைத் திறந்து, கேட்கும் பிள்ளைக்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் போதும். பெற்றோர், பதிவேட்டைத் தாங்களே எழுதாமல் இருப்பதே பேருதவி.

ஜூனில் பள்ளி திறக்கிறது. அக்டோபரில் மழை தொடங்குகிறது. இடையில் கிடைக்கும் நான்கு மாதம் ஒரு வட்டத்தை நடந்து அறியப் போதுமான காலம். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மூன்றிலும் பகுதிக்கொரு பள்ளி வரும் ஆண்டிலேயே இதைத் தொடங்கட்டும். சட்டைக் கையில் சின்னம் தைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் ஒரு பிள்ளை வந்து நின்றால், உள்ளே அழைத்து, உங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள்.