சிகப்பு விளக்கில் இடதுபுறம் திரும்பலாமா? தாம்பரம் பகுதியில் தீராத 'பிரீ லெப்ட்' குழப்பம்

தாம்பரம் புறநகர் சிக்னல்களில் தினமும் நடக்கும் சண்டை இது. சிகப்பு விளக்கைப் பார்த்து இடது ஓரமாக ஒருவர் வண்டியை நிறுத்துவார். அடுத்த வினாடியே பின்னால் ஹாரன் அலறும். "பிரீ லெப்ட்தானே, போப்பா" என்று குரல் வரும்.

சேலையூர் கேம்ப் ரோடு, மேடவாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் என எங்கு பார்த்தாலும் இதே கதைதான். இடதுபுறம் திரும்ப சிக்னல் பார்க்கவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 119-வது பிரிவுப்படி போக்குவரத்து சைகைகளுக்கு கட்டுப்பட்டே வண்டி ஓட்ட வேண்டும். சிகப்பு எரிந்தால் இடதுபுறம் திரும்புகிறவரும் ஸ்டாப் லைனுக்கு முன்பே நிற்க வேண்டும். இடதுபக்க பச்சை அம்புக்குறி எரிந்தாலோ, 'பிரீ லெப்ட்' போர்டு இருந்தாலோ, டிராபிக் போலீசார் கை காட்டினாலோதான் போகலாம்.

2019-ம் ஆண்டு சட்ட திருத்தத்துக்கு பிறகு சிகப்பு விளக்கை மீறுவது 184-வது பிரிவில் 'ஆபத்தான முறையில் ஓட்டுதல்' ஆகிவிட்டது. முதல் தடவைக்கே ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம் அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று அந்த பிரிவு சொல்கிறது.

நடந்து போகிறவர் பாடு

சிகப்பு எரியும் அந்த சில வினாடிகள்தான் நடந்து போகிறவருக்கு கிடைக்கும் நேரம். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பக்கம் ரெயில் நிலையம், மறுபக்கம் கடைகள். மூட்டை முடிச்சோடு கடக்கிறவர்கள் ஏராளம். அவர்கள் நடக்கும் ஜீப்ரா கோட்டை வெட்டிக்கொண்டுதான் இடதுபுறம் திரும்பும் வண்டி போகிறது. ஓட்டுகிறவர் கண்ணோ வலதுபக்கம் பாய்ந்து வரும் வாகனங்கள் மீது. இடதுபக்கம் ரோட்டில் இறங்கும் பாட்டி அவர் கண்ணில் படுவதில்லை.

அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலதுபக்கம் ஓடும். 1970-களில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, எரிபொருளை மிச்சப்படுத்த சிகப்பில் வலதுபுறம் திரும்ப அங்கே பரவலாக அனுமதி தந்தார்கள். ஆனால் வண்டியை முழுசாக நிறுத்தி, ஆள் வருகிறார்களா என்று பார்த்த பிறகே திரும்ப வேண்டும். நியூயார்க் நகரில் போர்டு வைத்த இடம் தவிர அதுவும் கூடாது.

மறுபக்கமும் உண்டு

முறைப்படி 'பிரீ லெப்ட்' விட்ட இடங்களில் வேறு தலைவலி. நேராக போகிறவர்கள் இடது ஓரத்தை அடைத்து நிற்கிறார்கள். ஷேர் ஆட்டோக்கள் அங்கேயே ஆள் ஏற்றுகின்றன. போக உரிமை உள்ளவரும் போக முடியவில்லை.

2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்கு தனி போலீஸ் கமிஷனரகம் இருக்கிறது. எந்த சந்திப்பில் திரும்பலாம், எதில் கூடாது என்று தமிழில் பளிச்சென்று போர்டு வைத்தாலே பாதி சண்டை ஓய்ந்துவிடும்.

போர்டு இல்லாத இடத்தில் நிற்பதுதான் சட்டம். பின்னால் ஹாரன் அடிக்கிறவர் அபராதம் கட்ட வரமாட்டார்.