ஆறரைக் கட்டையில் ஒரு கரோல்

கொச்சி மட்டாஞ்சேரியில் இந்த டிசம்பருக்கு 'சைலன்ட் நைட்' வாசிக்கப் போகிறோம். வயலின், கிளாரினெட், ஹார்மோனியம், கிட்டார், தபலா. பாட்டுக்காரர் கிடையாது என்றதும், "அப்ப அந்த இடத்தை எதை வெச்சு நிரப்புவீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நிரப்பவே வேண்டாம் என்பது என் கட்சி.

1818 டிசம்பர் 24 அன்று, சால்ஸ்பர்க் பக்கத்து ஓபர்ண்டார்ஃபில் இது முதலில் பாடப்பட்டபோது துணைக்கு இருந்தது ஒரு கிட்டார். உதவிப் பாதிரியார் யோசஃப் மோர் 1816இல் எழுதிய கவிதைக்குப் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் க்ரூபர் மெட்டுப் போட்டார். ஆர்கனை எலி கடித்ததால்தான் கிட்டார் வந்தது என்பதெல்லாம் பின்னால் சேர்ந்த கதை. பெரிய வாத்தியக் குழுக்கள் இந்தப் பாட்டின் மேல் எவ்வளவோ ஏற்றியிருக்கின்றன. அது பிறந்தது சிறிய சத்தத்தில்.

மெட்டு முழுக்கச் சங்கராபரண ஸ்வரங்கள். 'ப த ப க' என்று எளிமையாகத் தொடங்கி அடக்கமாகவே போகும். கடைசி நான்கு தாளவட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. மேல் மத்யமத்தை ஒரே ஒரு தரம் தொட்டுவிட்டு, இறங்கி இறங்கி, அதுவரை தொடாத கீழ் ஸட்ஜத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஏற்றத்தை வயலினுக்கும் இறக்கத்தைக் கிளாரினெட்டுக்கும் கொடுத்தேன். கிளாரினெட்டின் அடிக்குரல் அவ்வளவு கதகதப்பு. அதற்காகவே சுருதி ஆறரைக் கட்டை. கிட்டார்காரர் மூன்றாம் கட்டத்தில் கேப்போ மாட்டிக்கொள்கிறார்.

ஹார்மோனியம்தான் அதிகம் யோசிக்க வைத்தது. கச்சேரிப் பழக்கத்தில் ஸட்ஜத்தைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால், பஞ்சமத்தின் மேல் எழும் கார்டோடு அது உரசும். ஆகவே தொடக்க அடிகளில் பஞ்சமம் மட்டும். நடு அடிகளில் மத்யம கார்டு வந்து வந்து போவதால் அங்கே ஸட்ஜம். கடைசியில் மறுபடி பஞ்சமம். மூன்றே கார்டு உள்ள பாட்டுக்கு இது போதும்.

இனி தபலா. மெஹபூபும் உம்பாயியும் பாடிய மண் இது; மெஹ்ஃபில் கேட்டு வளர்ந்த விரல்களுக்கு ஆறு மாத்திரை என்றாலே தாத்ரா. பாட்டின் தாளமும் மூன்றும் மூன்றுமாக அதில் அப்படியே உட்காருகிறது. பொருந்துவதுதான் எனக்குப் பயம். தாத்ரா குலுங்கத் தொடங்கினால் தாலாட்டு போய் ஆட்டம் வந்துவிடும். முதல் சுற்றில் தபலாவே வேண்டாம், இரண்டாவதில் இடது கை மட்டும் போதும் என்றேன். "மோனே, கேக்கறவங்களுக்கு உயிர் வேணாமா?" என்றார் தபலா வாசிக்கும் இக்கா. வேண்டும் இக்கா. நீண்ட ஸ்வரம் நீண்டு ஒலிக்கும்போது யாரும் அதை உருட்டல்களால் மூடாமல் இருந்தால், உயிர் தானாகத் தெரியும் என்று நம்புகிறேன்.

மூன்றாம் சுற்றுக்கு அவர் லக்கி, அதாவது துள்ளலான வேக உருட்டல், கேட்கிறார். ஞாயிறு ஒத்திகையில் வாசித்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன், வயலின் மேல் மத்யமத்துக்கு ஏறும் முன் நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.