கப்பல் போட்டியில் நம் காசும் போனது



சென்ற வாரம் ஆறாம் ஆண்டு வகுப்பில் உலகப் படத்தை விரித்து மாட்டியிருந்தேன். குலை அறுக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் தென் சீனக் கடலில் விரலை வைத்தான்.

"ஐயா, இங்கே சீனாவும் அமெரிக்காவும் கப்பலை வச்சுக்கிட்டு முறைச்சுக்குதாமே? ஒருத்தன் கப்பலைக் கூட்டிக்கிட்டே போனா, மத்தவன் என்னா செய்யணும்?"

மணி அடித்துவிட்டது, நான் தப்பித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. வீடு வரும் வழியில் 'மலாயா' என்ற போர்க்கப்பல் நினைவுக்கு வந்தது.

நூறு ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு ராஜா பிரிட்டன். 1898இலும் 1900இலும் ஜெர்மனி சட்டம் போட்டுத் தன் கடற்படையைப் பெருக்கத் தொடங்கியது. பிரிட்டன் சும்மா இருக்குமா? 1906இல் 'டிரெட்நாட்' என்ற ராட்சசக் கப்பலைக் கடலில் இறக்கியது. அது வந்ததும் பழைய கப்பல்களெல்லாம் மதிப்பிழந்தன. பிரிட்டனின் சொந்தக் கப்பல்களும் அதில் சேர்த்திதான்! ஜெர்மனியும் அதேபோல் கட்டியது. 1909இல் பிரிட்டிஷ் மக்கள் பயந்துபோய்க் கூச்சல் போட, நான்கு கப்பல் போதும் என்றிருந்த அரசாங்கம் எட்டு கட்ட இசைந்தது. அதே ஆண்டில்தான் அங்கே எழுபது வயது ஏழைகளுக்கு முதன்முதலாக ஓய்வூதியம் கிடைத்தது. கிழவருக்குக் கஞ்சியா, கடலுக்குப் பீரங்கியா? இரண்டுக்குமாக வரி ஏறியது.

அந்தச் சுமை நம் மண்ணுக்கும் வந்தது. 1912இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மாநிலங்கள் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பலைப் பரிசாகத் தர முன்வந்தன. ஈயமும் ரப்பரும் செழித்த காலம். சஞ்சிக்கூலிக்கு ஆள் பிடிப்பது நின்று இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. லயத்தில் கிடந்து பால் வெட்டிய நம் பாட்டன் பாட்டியின் வியர்வையும் அந்தக் கப்பலில் கலந்திருக்கிறது. அதை அவர்களில் பலர் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

போட்டியில் வென்றது யார்? கப்பல் கணக்கில் பிரிட்டன்தான். கடலை மட்டும் நம்பாமல் 1902இல் ஜப்பானோடும், 1904இல் பிரான்சோடும், 1907இல் ரஷ்யாவோடும் அது உறவு கொண்டது கெட்டிக்காரத்தனம். ஆனால் ஜெர்மனிக்கோ, தன்னைச் சுற்றி வளைக்கிறார்கள் என்ற பயம் வளர்ந்தது. 1912இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஹால்டேன் பெர்லினுக்குப் போய்ப் பேசினார், பயனில்லை. 1914இல் உலகப் போர் மூண்டது. 1916இல் ஜட்லாந்து கடற்போரில் இரு தரப்பிலும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'மலாயா' கப்பலில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். போருக்குப் பின்தான் புத்தி வந்தது. 1922இல் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட ஐந்து நாடுகள் வாஷிங்டனில் கப்பல்களுக்கு அளவு வைத்து ஒப்பந்தம் செய்தன. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பரம விரோதிகள். ஆனாலும் 1972இல், கடலில் கப்பல்கள் நெருங்கும்போது எப்படி நடந்துகொள்வது என்று ஓர் ஒப்பந்தம் செய்தன. விரோதம் தீரவில்லை, ஆயுதமும் குறையவில்லை. ஆனால் தவறிப்போய் மோதி அதனாலேயே போர் மூளும் ஆபத்து குறைந்தது. குறுகிய தோட்டச் சாலையில் எதிரெதிரே வரும் இரண்டு லாரி ஓட்டுநர்களுக்கு ஒருவரையொருவர் பிடிக்காமல் இருக்கலாம். யார் ஒதுங்குவது என்று தெரிந்திருந்தால் இருவரும் வீடு போய்ச் சேருவார்கள்.

மறுநாள் அந்தப் பையனிடம் சொன்னேன்: "தம்பி, பலசாலி தன் பலத்தை விட்டுவிட வேண்டியதில்லை. விட்டால் சின்ன நாடுகளுக்கும் ஆபத்துதான். ஆனால் கப்பல் கட்டும்போதே பேச்சையும் தொடங்க வேண்டும். பயம் முற்றிய பிறகு பேசினால் காதில் ஏறாது."

பையன் கொஞ்சம் யோசித்தான். "அப்போ காசு யாரு ஐயா கொடுக்கிறது?" என்றான்.

அவன் பாட்டனுக்குப் பாட்டனை யாரும் அதைக் கேட்கவில்லை. இவனாவது கேட்கிறானே என்று மகிழ்ந்தேன்.